பழைய மோட்டார்ஹோம் வாங்குமுன்: கட்டுமானத்தையும் நம்பகத்தையும் எடைபோடுவது எப்படி?

பிரிட்டனில் பழைய மோட்டார்ஹோம் தேடும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி வண்டி நல்லது அண்ணா?" என்பதுதான். நான் உடனே திருப்பிக் கேட்பேன்: "நீங்கள் பார்த்து வைத்திருக்கிற வண்டி போன சில குளிர்காலங்களில் எங்கே நின்றது?" அதற்குப் பதில் தெரியாவிட்டால் கம்பெனிப் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கொட்டகைக்குள் நின்று, ஆண்டுதோறும் சீலண்ட் (இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) சரிபார்க்கப்பட்ட மலிவு வண்டி பத்து ஆண்டு கழித்தும் கட்டுக்குலையாமல் இருக்கும். பெயர்பெற்ற ஜெர்மன் வண்டி மரத்தடியில் பாசி பிடித்து நின்றிருந்தால், பின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினாலே பலகை உள்ளே போகும்.

அதற்காகத் தயாரிப்புத் தரம் முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. நல்ல கட்டுமானம் உரிமையாளரின் அலட்சியத்தைக் கூடுதலாகச் சில ஆண்டுகள் தாங்கும். அந்தச் சில ஆண்டுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றனவா, முந்தைய ஆள் தின்று தீர்த்துவிட்டாரா என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள். சட்டம், வரி, லைசென்ஸ் பற்றிச் சொல்வதெல்லாம் பிரிட்டனுக்கானது. தண்ணீர் ஒழுகும் இடங்கள் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

## படி 1: வண்டி ஒன்று, கம்பெனி இரண்டு

ஒரு மோட்டார்ஹோமில் இரண்டு தயாரிப்பாளர்களின் கைவேலை இருக்கிறது. எஞ்சின், கியர், பிரேக், ஸ்டியரிங் எல்லாம் ஃபியட், ஃபோர்டு, மெர்சிடிஸ் போன்ற வேன் கம்பெனிகளுடையவை. பின்னால் இருக்கும் வீட்டைக் கட்டியது ஸ்விஃப்ட், பெய்லி, ஆட்டோ-டிரெயில், ஹைமர் போன்ற இன்னொரு கம்பெனி. இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். எஞ்சின் சும்மா கும்மென்று ஓடும் வண்டியின் வீடு உளுத்துப்போயிருக்கலாம். எஞ்சின் கோளாறு என்றால் ஊரில் உள்ள எந்த வேன் மெக்கானிக்கும் பார்த்துவிடுவார். வீட்டின் சட்டம் இற்றுப்போனால் அதைப் பிரித்துக் கட்டத் தெரிந்தவர்கள் குறைவு, கூலியும் மணிக்கணக்கில் ஏறும். அதனால்தான் என் கண் எப்போதும் முதலில் வீட்டுப் பக்கம் போகும்.

பெயர்ப்பலகையை அளவுக்கு மேல் நம்பவும் கூடாது. ஆட்டோ-டிரெயில், ஆட்டோ-ஸ்லீப்பர்ஸ், ஆட்ரியா மூன்றும் பிரான்ஸின் டிரிகானோ குழுமத்தில் உள்ளவை. டெத்லெஃப்ஸ், பர்ஸ்ட்னர், எல்டிஸ் எல்லாம் ஹைமரோடு ஒரே குழுமம். அந்தக் குழுமத்தையே 2019இல் அமெரிக்காவின் தோர் வாங்கிவிட்டது. ஜெர்மனியின் நொய்ஷ்டாட்டில் ஒரே தொழிற்சாலையில் கராடோ, சன்லைட் என்று இரண்டு பெயரில் வண்டி வெளிவருகிறது. "அது மட்டம், இது ஒசத்தி" என்று பேசுமுன் இரண்டின் சுவரும் தளமும் எப்படிக் கட்டப்பட்டவை என்று பாருங்கள்.

சுவரில் என்ன பார்ப்பது? பழைய முறையில் மரச் சட்டம் போட்டு, வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் தெர்மாகோல் வைப்பார்கள். தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் மரம் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிந்தைய வண்டிகள் பலவற்றில் மரத்துக்குப் பதில் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகை, தண்ணீர் குடிக்காத நுரைப்பலகை, வெளியே கண்ணாடியிழைத் தோல் என்று வந்துவிட்டது. ஹைமர் நெடுங்காலமாக அலுமினியத்தையும் பாலியூரிதேன் நுரையையும் சேர்த்துச் சுவர் செய்தது. ஆட்டோ-ஸ்லீப்பர்ஸின் பழைய மாடல்கள் சிலவற்றில் உடல் முழுதும் ஒரே கண்ணாடியிழை வார்ப்பு. இணைப்பு எத்தனை குறைவோ ஒழுகும் இடமும் அத்தனை குறைவு. விற்பவரிடம், "இந்த ஆண்டு மாடலில் சட்டத்துக்குள் மரம் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். டீலருக்கே தெரியாவிட்டால் அந்த ஆண்டின் விளம்பரப் புத்தகத்தில் இருக்கும்.

வேனையே உள்ளுக்குள் மாற்றியமைத்த கேம்பர்வேன் என்றால் கதை வேறு. இரும்பு உடல், இணைப்பு கிடையாது, ஒழுகல் குறைவு. அங்கே எதிரி துருதான். ஜன்னலுக்கும் கூரைத் திறப்புக்கும் தகடு வெட்டிய விளிம்புகளைப் பாருங்கள். யாரோ கொல்லையில் வைத்துத் தானே மாற்றிய வேன் என்றால், கேஸுக்கும் மின்சாரத்துக்கும் தகுதியுள்ளவர் கொடுத்த சான்றிதழ் இல்லாமல் தொடவே வேண்டாம்.

## படி 2: எடையை வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

பலர் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். ஆனால் பாதி வண்டிகளைப் பட்டியலிலிருந்து அடிக்கப் போவது இந்தக் கணக்குதான்.

1997 ஜனவரி 1 முதல் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர், சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரையுள்ள மோட்டார்ஹோமைத்தான் ஓட்டலாம். அதற்கு முன்பே தேறியவர்களுக்கு சி1 பிரிவும் சேர்ந்தே வந்தது. 7,500 கிலோ வரை ஓட்டலாம். 70 வயதில் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் அந்த உரிமை நீடிக்காது. இந்த வரம்புக்காகவே எத்தனையோ வண்டிகளைக் கம்பெனிகள் 3,500 கிலோவுக்குள் இறுக்கிப் பதிவு செய்திருக்கின்றன. விளைவு, சாமான் ஏற்ற இடம் இருக்கும், எடை இருக்காது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மொத்த அனுமதி 3,500 கிலோ. ஓட்டுநரோடும் எரிபொருளோடும் வண்டி 3,100 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 400. கூட வருபவர் 70, பக்கவாட்டு விதானம் (நிழலுக்கு விரிக்கும் துணிப்பந்தல்) 30, இரண்டாவது பேட்டரி 25, தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. மிஞ்சியது 175. அதற்குள் துணிமணி, பாத்திரம், நாற்காலி, சைக்கிள், பிள்ளைகள், அரிசிப் பை எல்லாம் அடங்க வேண்டும். ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரம் செய்யப்படும் வண்டிகளில் ஆறு பேர் ஏறினாலே வரம்பு முடிந்துவிடுவதும் உண்டு.

கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ உள்ள தகட்டில் நான்கு எடைகள் இருக்கும்: மொத்த எடை, இழுவையோடு மொத்த எடை, முன் அச்சு, பின் அச்சு. பின் சக்கரத்துக்குப் பின்னால் நீளமாக நீண்டு, அங்கே பெரிய சாமான் அறையும் இருக்கிற வண்டியில் மொத்த எடைக்கு முன்பாகவே பின் அச்சு வரம்பைத் தாண்டிவிடும். ஆண்டுக்கணக்கில் அப்படி ஓடிய வண்டியின் பின் ஸ்பிரிங், டயர், தளம் எல்லாமே அடி வாங்கியிருக்கும். முடிந்தால் பொது எடைமேடையில் அச்சு அச்சாக நிறுத்திப் பார்த்த சீட்டை விற்பவரிடம் கேளுங்கள்.

லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் (புகை மிகுந்த வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் மண்டலம்) மாநகர் முழுவதற்கும் வந்துவிட்டது. யூரோ 6 என்ற புகைத் தரத்தை எட்டாத டீசல் வண்டி, 3,500 கிலோவுக்குள் இருந்தால், ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2016க்கு முந்தைய வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

## படி 3: போகுமுன் ஒரு மணி நேரம்

வண்டி எண் கையில் இருந்தால் அரசு இணையதளத்தில் எம்.ஓ.டி (ஆண்டுத் தகுதிச் சோதனை) வரலாற்றை இலவசமாகப் பார்க்கலாம். தேறியதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் ஓடிய மைல் எவ்வளவு, எச்சரிக்கையாக எழுதப்பட்டவை என்ன என்று வரிசையாகப் படியுங்கள். "பின் டயர் பக்கவாட்டில் வெடிப்பு" என்று இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஒரே வரி வருகிறதா? தேறினால் போதும் என்று இருக்கும் உரிமையாளர். கூரை சீலண்டையும் அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். இன்னொன்றும் மறக்க வேண்டாம்: எம்.ஓ.டி என்பது சாலைக்கு வண்டி தகுதியா என்று பார்ப்பது. சுவருக்குள் ஓதமா, அடுப்பு எரிகிறதா என்று அதில் யாரும் பார்ப்பதில்லை.

மைல் குறைவு என்றதும் மயங்க வேண்டாம். பத்து ஆண்டில் 9,000 மைல் என்றால் வண்டி பெரும்பாலும் நின்றிருக்கிறது. நிற்கிற வண்டியில் பிரேக் இறுகும், ரப்பர் காயும், பேட்டரி சாகும், எஞ்சினின் டைமிங் பெல்ட் ஓடாமலேயே வயதாகும். பத்து ஆண்டில் 40,000 மைல் ஓடி, ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய உள்ள வண்டியைத்தான் நான் முதலில் பார்க்கப் போவேன்.

போனில் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். ஆண்டுப் பராமரிப்பில் எடுத்த ஓத அறிக்கைகள் இருக்கின்றனவா? கடைசியாக எப்போது எடுத்தது? டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது? நாங்கள் வரும்போது ஃபிரிட்ஜ் குளிர்ந்திருக்குமா, தண்ணீர் நிரப்பியிருக்குமா, கேஸ் சிலிண்டர் இருக்குமா? கடைசிக் கேள்விக்கு இழுத்துப் பதில் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓத அறிக்கை என்பது வண்டியின் படம் வரைந்து ஒவ்வொரு மூலையிலும் அளவு குறித்த தாள். ஒரு தாளை விட நாலைந்து ஆண்டுத் தாள்கள் வரிசையாக இருப்பதுதான் மதிப்பு. ஒரு மூலையின் ஈரம் ஆண்டுக்கு ஆண்டு 12, 14, 17 சதவீதம் என்று ஏறிக்கொண்டு வந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல நிபுணர் வேண்டாம். பல கம்பெனிகள் தண்ணீர்க் கசிவுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை உத்தரவாதம் கொடுக்கின்றன. ஆனால் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் ஆண்டுதோறும் சோதனை நடந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு தவறினாலும் கைவிரித்துவிடுவார்கள். அது இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

## படி 4: வெளியே ஒரு சுற்று

மழை பெய்த மறுநாள் போங்கள். இந்த நாட்டில் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் கூரை. ஏணி கேளுங்கள். கூரைமேல் ஏற வேண்டாம். விளிம்பிலிருந்து பார்த்தால் போதும். கூரை ஜன்னல்களைச் சுற்றி, சோலார் தகட்டின் கால்களைச் சுற்றி, ஆன்டெனா அடியில் சீலண்ட் வெடித்திருக்கிறதா? தண்ணீர் தேங்கிக் காய்ந்த வட்டக்கறை இருக்கிறதா? அடுத்து, கூரையும் சுவரும் சேரும் நீளமான பட்டைகள், விதானம் மாட்டிய தண்டவாளம், பின்விளக்குகள், சைக்கிள் தாங்கியின் போல்ட்டுகள். திருகு போட்ட ஒவ்வோர் இடமும் சுவரில் போட்ட ஓட்டைதான். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வண்டிகளில் அந்த முன் இணைப்பை இருமடங்கு கவனமாகப் பாருங்கள். நெடுஞ்சாலையில் மழையை நேருக்கு நேர் வாங்குவது அந்த இடம்தான்.

பட்டைக்கு வெளியே சிலிகான் அப்பியிருந்தால் அது பயத்தில் செய்த வேலை. முறையான வேலை என்றால் பட்டையைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக வைத்து மூட வேண்டும். மேலே அப்பிய சிலிகான் உள்ளே போன தண்ணீரை வெளியே வர விடாமல் அடைத்து வைக்கும். விற்பவர் அதையே "போன வருஷம்தான் புதுசா சீல் பண்ணினேன்" என்று பெருமையாகச் சொல்வார்.

பின்னால் தள்ளி நின்று, சுவரின் நீளத்தில் கண்ணை ஓட்டுங்கள். அலை அலையாகத் தெரிந்தால் தோல் நுரையிலிருந்து பிரிந்திருக்கிறது. சந்தேகம் வந்த இடத்தை விரல் முட்டியால், தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தட்டிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் ஒலி கனமாக வரும், பிரிந்த இடத்தில் பொள்ளென்று வரும். அலுமினியத் தோலில் வெள்ளைப் பொடியோடு ஊசி முனை ஓட்டைகள் தெரிந்தால், உள்ளிருந்து அரித்து வந்திருக்கிறது.

பின்புற பிளாஸ்டிக் பேனல்களிலும் பம்பரிலும் கீறல்கள் இருக்கும். பார்க்கச் சிறிதுதான். ஆனால் அந்த மாடல் நின்றுபோயிருந்தால் மாற்றுப் பேனல் கிடைப்பது குதிரைக்கொம்பு. முழு முகப்பும் கம்பெனியே கட்டிய ஏ-கிளாஸ் வண்டி என்றால் முன் கண்ணாடி கிடைக்குமா, என்ன விலை, காப்பீட்டில் அதற்கு வரம்பு உண்டா என்று வாங்குமுன் விசாரியுங்கள். உதிரிபாகம் கிடைக்காத வண்டியை, எத்தனை உயர்தரமானதாக இருந்தாலும், நம்பகமான வண்டி என்று நான் சொல்ல மாட்டேன்.

## படி 5: உள்ளே, மூக்கும் கட்டைவிரலும் மீட்டரும்

கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் வருவதை நம்புங்கள். இரண்டு நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். பூஞ்சண வாடை ஒரு பக்கம். எலுமிச்சை வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் சந்தேகம்தான்.

பிறகு மீட்டர். இரண்டு ஊசி உள்ள சாதாரண ஈரமானி போதும். கார்பெட்டுக்கு அடியில், அலமாரிக்குள் என்று வெளியே தெரியாத இடங்களில் குத்துங்கள். விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஊசித் தடம் விழும். பொதுவாக 15 சதவீதம் வரை கவலையில்லை. 15 முதல் 20 வரை கவனித்து வர வேண்டியது. 20ஐத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது. 30ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பரவலைப் பாருங்கள். குளிர்காலத்தில் மூடிக்கிடந்த வண்டியில், அதுவும் உள்ளேயே சோறு வடித்துச் சமைப்பவர்கள் வைத்திருந்த வண்டியில், எல்லாச் சுவரும் ஒரே மாதிரி 16, 17 காட்டலாம். அது மூச்சும் ஆவியும் படிந்த ஈரம்; ஜன்னலைத் திறந்து ஹீட்டர் போட்டால் இறங்கும். சுற்றிலும் 11, 12 இருக்க, பின் வலது கீழ் மூலையில் மட்டும் 28 என்றால் அது ஒழுகல். சுவருக்குள் அலுமினியச் சட்டம் ஓடும் இடத்தில் பொய்யாக ஏறியும் காட்டும். அதனால் இடப்பக்கத்தில் பார்த்த அதே இடத்தை வலப்பக்கத்திலும் பாருங்கள்.

கெட்டிக்கார விற்பனையாளர் ஒரு வாரம் ஈரநீக்கி இயந்திரம் ஓட்டி மீட்டரை ஏமாற்றலாம். கட்டைவிரலை ஏமாற்ற முடியாது. மேல் அலமாரிகளைத் திறந்து, சுவரும் கூரையும் சேரும் உள்மூலையை அழுத்துங்கள். ஜன்னலின் கீழ் இரண்டு மூலைகள், கூரை ஜன்னலின் ஓரம், படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டியின் பின்சுவர் ஆகியவற்றையும் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை விரலை எதிர்க்கும். கெட்ட பலகை மெத்தென்று அமுங்கும், அல்லது மேலே உள்ள தாள் மட்டும் உப்பி, உள்ளே ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் உப்பல்கள் நிழலாகத் தெரியும். அலமாரிக்குள் இருக்கும் திருகுத் தலைகளையும் பாருங்கள். மற்றவை பளபளக்க, ஒரே ஒரு மூலையில் மட்டும் திருகுகள் துருப்பிடித்திருந்தால் அந்த மூலை ஏதோ ஒரு காலத்தில் நனைந்திருக்கிறது.

தளத்துக்கு மீட்டர் வேண்டாம், குதிகால் போதும். வாசலுக்கு உள்ளே, அடுப்புக்கு முன்னால், குளியலறை வாசலில் மெதுவாகக் குதிகாலை ஊன்றி நடங்கள். தளம் அமுங்கி, நறநறவென்று சத்தம் வந்தால் பிளைவுட்டும் நடு நுரையும் பிரிந்துவிட்டன. சின்ன இடம் என்றால் துளையிட்டுப் பிசின் ஏற்றிச் சரிசெய்வார்கள். அது பேரம் பேசுகிற விஷயம். ஓரத்தில், சுவரோடு சேரும் இடத்தில் அமுங்கினால் அடியிலிருந்து தண்ணீர் ஏறியிருக்கிறது, அது வேறு. வண்டிக்கு அடியில் படுத்து, சக்கர வளைவுக்குப் பக்கத்திலும் தளத்தின் விளிம்புகளிலும் கருத்த மரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்குரூடிரைவர் முனை இறங்கினால் எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அறைகலன்களை வைத்துத் தயாரிப்புத் தரத்தை எளிதாகப் படிக்கலாம். மேல் அலமாரிக் கதவின் கீல் எதில் திருகப்பட்டிருக்கிறது? கட்டையிலா, துகள்பலகையிலா? ஒரே திருகுக்கு இரண்டு ஓட்டை இருந்தால் ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. சீட்டைத் தூக்கி உள்ளே ஓடும் வயர்களைப் பாருங்கள். கட்டி, கிளிப் போட்டு, ஓரமாகப் போகின்றனவா, சிக்கலாகத் தொங்குகின்றனவா? கண்ணுக்குப் படாத இடத்தில் தொழிற்சாலை எப்படி வேலை செய்திருக்கிறது என்பது அங்கே தெரியும். மெத்தை உறை, திரைச்சீலை, விளக்கின் அழகு எதற்கும் நான் மதிப்பெண் போடுவதில்லை.

## படி 6: அடித்தள வேன்

இங்கே விற்கும் மோட்டார்ஹோம்களில் பெரும்பங்கு ஃபியட் டுகாட்டோ. பெஜோ பாக்ஸரும் சிட்ரோயன் ரிலேயும் அதன் உடன்பிறப்புகள். இத்தாலியின் அட்டெஸா தொழிற்சாலையில் ஒன்றாகப் பிறந்தவை. 2006இல் வந்த தலைமுறையின் தொடக்க வண்டிகளில் இரண்டு பழைய புகார்கள் பிரபலம். ஒன்று, மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி உதறுவது. ஓட்டிப் பார்க்கும்போது ஏற்றமான இடத்தில் பின்னோக்கி மெதுவாக ஏற்றுங்கள். கிளட்ச் கருகும் வாடையோ நடுக்கமோ வந்தால் தெரிந்துவிடும். இரண்டு, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடி வழியாகத் தண்ணீர் எஞ்சின் மேல் சொட்டுவது. பானட்டைத் திறந்து டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சுற்றிப் பாருங்கள். துரு படிந்திருந்தால் நாளைக்கு அவற்றைக் கழற்றுவதே பெரும்பாடாகும்.

டுகாட்டோவின் 2.3 லிட்டர் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட், 3.0 லிட்டருக்கு செயின். பெல்ட் வண்டியில் ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். டுகாட்டோவில் வரும் கம்ஃபோர்ட்-மேட்டிக் கியர் என்பது முழு ஆட்டோமேட்டிக் கிடையாது. மேனுவல் கியர்பெட்டியில் கிளட்சை இயந்திரமே அழுத்துகிறது. அதை மேட்டில் அங்குல அங்குலமாக நகர்த்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முதல் தலைமுறை மெர்சிடிஸ் ஸ்பிரின்டர், அதாவது 2006 வரையிலானவை, எஞ்சினுக்குப் பெயர்போனவை, துருவுக்கும்தான்.

பின்பாதியில் ஆல்-கோ கம்பெனியின் அடிச்சட்டம் போட்ட வண்டி என்றால் நல்லது. துத்தநாகம் பூசிய இரும்பு. ஆனால் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உள்ள அச்சுகளுக்கு முறையாகக் கிரீஸ் அடித்திருக்க வேண்டும். எத்தனையோ உரிமையாளர்களுக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

டயரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தரையைப் பிடிக்கும் பட்டன் எல்லாம் புதிதாக இருந்தாலும் ஏழு வயது தாண்டிய டயரை மாற்ற வேண்டியதாகவே கணக்கிடுங்கள். வீட்டோடு ஓடும்போது டயர் வெடித்தால் சக்கர வளைவையும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் குழாயையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும்.

ஓட்டும்போது ரேடியோ வேண்டாம். கிண்ணம், அலமாரிக் கதவு ஆடும் சத்தத்தை விடுங்கள், அது துணி வைத்தால் நிற்கும். வேகத்தடையில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி கோணலாக, மெதுவாக ஏற்றுங்கள். பின் மூலைகளிலிருந்து மரம் முனகுவதுபோல் சத்தம் வந்தால் கட்டுமானமே தளர்ந்திருக்கிறது.

## படி 7: கேஸ், தண்ணீர், கரண்ட்

"ஓடுது, ஆனா நாங்க பயன்படுத்தறதில்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். எல்லாவற்றையும் உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கேஸிலும் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் குளிர மணிக்கணக்காகும். அதனால்தான் முந்தைய நாளே போடச் சொல்வது. கரண்டில் குளிர்ந்தது கேஸில் பற்றாமல் போகலாம், இரண்டையும் பாருங்கள். மாற்றுவதென்றால் ஆயிரம் பவுண்டுக்குக் குறையாது. கேஸ் ரப்பர் குழாயில் தேதி அச்சிட்டிருக்கும்; பழையதென்றால் மாற்றுவது மலிவு, ஆனால் யாரும் மாற்றவில்லை என்ற செய்தி மலிவானதல்ல.

தண்ணீரில்தான் நிறைய ஒளிந்திருக்கும். குளிர்காலத்துக்கு முன் வடிக்காமல் விட்ட பாய்லரும் குழாய்களும் உறைந்து வெடிக்கும். வெடித்தது நிரப்பும் வரை தெரியாது. "இப்போது வடித்து வைத்திருக்கிறோம்" என்பார்கள். சரி, இருபது லிட்டர் நிரப்பலாம், நான் காத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். பம்ப் ஓடி நின்றதும் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை பம்ப் தானாக 'டுர்ர்' என்று ஒரு கணம் ஓடி நின்றால் எங்கோ அழுத்தம் குறைகிறது. காகிதக் கைக்குட்டையை பாய்லரின் இணைப்புகளிலும் சிங்க் அடியிலும் குளியலறைக் குழாய்க்குப் பின்னாலும் ஒற்றிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத துளி காகிதத்தில் தெரியும். பாய்லர் சூடாகும்வரை இருந்து இன்னொருமுறை ஒற்றுங்கள்.

வீட்டுப் பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். வெளி இணைப்பைப் பிடுங்கி, எல்லா விளக்கையும் அரை மணி நேரம் எரியவிட்டால் உண்மை தெரியும். 12.2க்கும் கீழே சரிந்தால் ஆயுள் முடிந்தது. பேட்டரி சின்ன விஷயம்தான், அதற்காக நல்ல வண்டியை விட வேண்டாம்.

## படி 8: எல்லாவற்றையும் பணமாக மாற்றுங்கள்

நான் குறைகளை மூன்று குவியலாகப் பிரிப்பேன். டயர், பேட்டரி, பெல்ட், ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்குச் செலவு முன்கூட்டியே தெரியும். விலையில் கழித்தால் முடிந்தது. நான்கு டயர் ஐந்நூறு அறுநூறு பவுண்டு வரும், அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். இரண்டாவது குவியல், தொடங்கினால் எங்கே முடியும் என்று தெரியாதவை: ஒரு மூலையில் 22, 24 என்ற அளவு, தளத்தில் ஓரிடம் மெத்தென்று இருப்பது. இதற்குப் பட்டறையில் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதோடு பாதியைக் கூட்டிக் கழியுங்கள். பிரித்தபிறகு சேதம் பெரிதாகத்தான் இருக்கும். மூன்றாவது, மெத்தென்ற சுவர், உதிரும் தளவிளிம்பு, முனகும் மூலை. இவற்றுக்கு என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

கம்பெனிப் பெயர் இப்போதுதான் உள்ளே வருகிறது. இரண்டு வண்டியும் உலர்ந்திருந்து, இரண்டுக்கும் ரசீது இருந்தால், மரம் குறைந்த கட்டுமானம், உதிரிபாகம் கிடைக்கும் மாடல், அந்த வடிவம் அறிமுகமான முதல் ஆண்டில் வராத வண்டி எதுவோ அதற்கு இரண்டாயிரம் பவுண்டு கூடுதலாகக் கொடுக்கலாம். புது வடிவத்தின் முதல் ஆண்டு வண்டிகளில் தொழிற்சாலையே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும்.

முடிவெடுக்க முடியாவிட்டால், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மோட்டார்ஹோம் பொறியாளரைக் கூலிக்கு அழைத்துப் போங்கள். தனியார் விற்பனையில் இதைக் கட்டாயம் என்றே சொல்வேன். தனிநபரிடம் வாங்கினால், அவர் விவரித்தபடி வண்டி இருக்க வேண்டும் என்பதைத் தாண்டி உங்களுக்கு அதிக உரிமையில்லை. டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பெரிய குறை இருந்தால் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதே வண்டி டீலரிடம் கூடுதல் விலை என்றால் அந்தக் கூடுதலில் ஒரு பங்கு இந்த உரிமைக்கான விலை.

வண்டி விலை 30,000 பவுண்டுக்குள் இருந்தால் முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். முன்பணம் மட்டும் கார்டில் போனாலும், பிரச்சினை வந்தால் முழு விலைக்கும் கார்டு கம்பெனி டீலரோடு சேர்ந்து பொறுப்பாகும். வி5சி பதிவேட்டில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்ற கட்டணச் சோதனையையும் பணம் கொடுக்கும் அன்றே செய்யுங்கள். போன மாதம் எடுத்த அறிக்கை உதவாது.

டீலர் வண்டி வீட்டுக்கு வந்தபின் அதை வாசலில் நிறுத்தி அழகு பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், 30 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் வாரமே வாசலிலேயே ஓர் இரவு உள்ளே படுங்கள்: ஹீட்டர், பாய்லர், ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் ஓட, வெளி மின்சாரம் இல்லாமல். முதல் பெருமழை முடிந்ததும் மீட்டரை எடுத்துக்கொண்டு, வாங்கும் அன்று குறித்த அதே இடங்களில் மறுபடி குத்திப் பாருங்கள். அளவு ஏறியிருந்தால் படம் எடுத்து, அன்றைக்கே டீலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது.